48 ஆட்டம், 13 வெற்றி: கோலியை (கோல்கீப்பரை) மாற்றவா, அணியையே கலைக்கவா?

மிட்ராண்ட் மேனேஜர், பிப்ரவரி 3, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். கிரிக்கெட் பேசுகிற இடத்தில் ஐஸ் ஹாக்கியைக் கொண்டுவந்து போடுகிறானே என்று திட்டாதீர்கள். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இங்கே நாலைந்து பேராவது இருக்கிறீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நான் ஆடுவது ஓர் ஆன்லைன் சிமுலேஷன் லீக். வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்-இல் உள்ள அதே 32 அணிகள், அதே வீரர்கள், அதே சம்பள வரம்பு. அணிக்கு ஒரு மேனேஜர். நாம் லைன் (யார் யாரோடு சேர்ந்து இறங்குவது என்ற பட்டியல்) போட்டு ஃபைலாக அனுப்ப வேண்டும். ஞாயிறும் புதனும் லீக்கை நடத்தும் கமிஷனர், ஆட்டங்களைக் கணினியிலேயே ஆடி முடிக்கும் சிமுலேட்டரை ஓட்டுவார், ஒவ்வொரு தடவையும் இரண்டு ஆட்டம். ஃபைல் போய்ச் சேர வேண்டிய நேரம் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு இரவு 9 மணி. தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நமக்கு அது மறுநாள் விடிகாலை 4.

டிசம்பரில் ஒரு மேனேஜர் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனார். அவருடைய அணியை என் தலையில் கட்டிவிட்டார்கள். எந்த அணி என்று சொல்ல மாட்டேன். லீக்கில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான், ஆனால் மொழிபெயர்ப்பு இயந்திரம் எல்லாரிடமும் இருக்கிறது.

நிலவரம்: 48 ஆட்டத்தில் 13 வெற்றி, 30 தோல்வி, கூடுதல் நேரத்தில் தோற்றது 5. ஆக 31 புள்ளி. 32 அணியில் 32ஆவது இடம். நான் வந்த பிறகு இரண்டு சென்டர்களை (நடு ஃபார்வர்டுகளை) மாற்றிப் பார்த்தேன், எதிரணியில் ஓர் ஆள் குறையும்போது இறக்கும் பவர் ப்ளே லைனை மூன்று முறை கலைத்துப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. இனி பேசாமல் தோற்றுக்கொண்டே போய் புது இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளைப் பிடிப்பதா, இல்லை இருப்பதைச் சரி செய்வதா? தூக்கம் போய்விட்டது. மனைவி வேறு தினமும் முறைக்கிறாள்.


ஃபீனிக்ஸ்காரன், பிப்ரவரி 3, இரவு 10:52

டர்பனில் இந்த நேரத்துக்கும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீ ஐஸைப் பற்றிப் பேசு ராசா, கேட்கவாவது குளிர்ச்சியாக இருக்கும்.


லெனேசியா தம்பி, பிப்ரவரி 3, இரவு 11:15

அண்ணா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டேங்க் பண்ணுங்கள், அதாவது வேண்டுமென்றே தோற்றுக்கொண்டே போங்கள். வயதானவர்களை எல்லாம் விற்றுவிட்டு பொடியன்களை இறக்குங்கள். கடைசி இடத்தில் முடிக்கிற அணிக்குக் குலுக்கலில் முதல் பிக் (முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை) கிடைக்க 25.5 சதவீதம் வாய்ப்பு. எவ்வளவு துரதிர்ஷ்டம் பிடித்தாலும் மூன்றாவது பிக்குக்குக் கீழே போகாது. என் லீக்கில் நான் அதைத்தான் செய்தேன். இரண்டு வருடம் அடி வாங்கினேன், இப்போது ப்ளேஆஃப்.


கேப்டவுன் கணக்கர், பிப்ரவரி 4, காலை 7:05

தம்பி, மருந்துச்சீட்டு எழுதும் முன் நாடி பிடித்துப் பார்க்க வேண்டாமா?

மிட்ராண்ட்காரரே, வெற்றி தோல்வியை விடுங்கள். நான்கு எண் கொடுங்கள்: போட்ட கோல், வாங்கிய கோல், ஆட்டத்துக்கு நீங்கள் அடிக்கும் ஷாட், உங்கள் மேல் விழும் ஷாட். லீக்கின் சராசரி சேவ் சதவீதமும் (நூறு ஷாட்டில் கோலி தடுப்பது எத்தனை) வேண்டும். கோலிகளில் யார் எத்தனை ஆட்டம் நின்றார்கள் என்பதும் வேண்டும்.


மிட்ராண்ட் மேனேஜர், பிப்ரவரி 4, மதியம் 1:20

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். போட்டது 121, வாங்கியது 178. ஆட்டத்துக்கு நாங்கள் அடிப்பது 29.1 ஷாட், எங்கள் மேல் விழுவது 29.8. லீக் சராசரி சேவ் 90 சதவீதம்.

முதல் கோலி 45 ஆட்டம், இரண்டாவது கோலி 3. முதல் கோலிக்கு ஆண்டுக்கு 75 லட்சம் டாலர், இன்னும் நான்கு வருடம் பாக்கி. அதனால்தான் அவனையே நிறுத்துகிறேன். அவ்வளவு காசு கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார வைக்கவா?


கேப்டவுன் கணக்கர், பிப்ரவரி 4, இரவு 8:30

நன்றி. இப்போது பாருங்கள்.

அடிப்பது 29.1, வாங்குவது 29.8. கிட்டத்தட்ட சமம். லீக்கின் கடைசி அணிக்கு இது வர வேண்டிய கணக்கே அல்ல. உண்மையிலேயே மோசமான அணியாக இருந்தால் ஷாட்டிலேயே ஆறு ஏழு பின்தங்கியிருக்கும். ஆக பனியில் ஓடுகிற பதினெட்டு பேரும் தங்கள் வேலையை ஒரு மாதிரி செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

48 ஆட்டத்தில் உங்கள் மேல் விழுந்தது ஏறக்குறைய 1430 ஷாட். அதில் 178 உள்ளே போயிருக்கிறது. சேவ் 87.6 சதவீதம். சராசரி கோலி நின்றிருந்தால் 143 கோல்தான் போயிருக்கும். வித்தியாசம் 35. ஆறு கோலுக்கு ஒரு வெற்றி என்பது ஹாக்கியில் எல்லாரும் போடும் தோராயக் கணக்கு. அப்படியானால் உங்கள் ஆறு வெற்றி, அதாவது 12 புள்ளி, கோல் கம்பத்துக்கும் கோலியின் காலுக்கும் நடுவே ஒழுகிப் போயிருக்கிறது.

அடிப்பதிலும் கொஞ்சம் பிசகு இருக்கிறது. நீங்கள் அடித்த ஷாட்டில் 8.7 சதவீதம்தான் கோல். லீக் சராசரி சேவ் 90 என்றால் அடிப்பவர்களின் சராசரி 10. அடிக்கும் சதவீதத்தையும் சேவ் சதவீதத்தையும் கூட்டினால் வருவதை பி.டி.ஓ என்பார்கள். லீக் முழுக்க எடுத்தால் அது 100. உங்களுடையது 96.3. அவ்வளவு கீழே ஒரு அணி முழு சீசனும் கிடப்பது அபூர்வம். அடிப்பதில் உள்ள குறை பெரும்பாலும் தானாகவே மேலே வரும், அதைத் தொடாதீர்கள். சேவ் மட்டும் தானாக வராது என்று தோன்றுகிறது. ஏனென்றால் அதற்குக் காரணம் கண்ணெதிரே தெரிகிறது. 48-க்கு 45 ஆட்டமா?


ரிங்க் அம்மா, பிப்ரவரி 4, இரவு 9:10

இழையை இப்போதுதான் பார்த்தேன். சிமுலேஷன் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் என் பெண் நிஜமாகவே கோலி. பிரிட்டோரியாவில் தி குரோவ் மாலுக்குள் இருக்கும் ரிங்க்கில்தான் பழகினாள். (தென்னாப்பிரிக்காவில் ஐஸ் ஹாக்கியா என்று சிரிப்பவர்களுக்கு: நம் நாடு சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பில் சேர்ந்தது 1937-இல்.)

கோலி சும்மா நிற்கிறான் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஃபார்வர்டு முக்கால் நிமிடம் ஓடிவிட்டு பெஞ்சுக்கு வந்து தண்ணீர் குடிப்பான். கோலிக்கு 60 நிமிடமும் இறங்கவே முடியாது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முழங்காலை மடக்கி விழ வேண்டும், எழ வேண்டும். ஆட்டம் முடிந்து பேடைக் கழற்றும்போது என் பெண்ணின் உள்சட்டையைப் பிழிந்தால் சொட்டும், குளிர் ரிங்க்கில்! அடுத்தடுத்த நாள் ஆட்டம் வந்தால் இரண்டாவது நாள் அவள் இடது பக்கம் விழுவது ஒரு கணம் தாமதமாகும். பக் (அடிக்கிற ரப்பர் வட்டு) சரியாக அங்கேதான் போகும். என்எச்எல்-இலும் இதே கதைதான், அதனால்தான் அங்கே அடுத்தடுத்த இரவு ஆட்டங்களை இரண்டு கோலிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

உங்கள் சிமுலேட்டர் களைப்பைக் கணக்கில் எடுக்குமா?


மிட்ராண்ட் மேனேஜர், பிப்ரவரி 4, இரவு 9:45

எடுக்கும் அக்கா. இப்போதுதான் போய்ப் பார்த்தேன். வீரர் பெயருக்குப் பக்கத்தில் உடல்நிலை என்று ஒரு எண் இருக்கிறது, ஆள் தெம்பாக இருந்தால் நூறு. நான் இதுவரை ஃபார்வர்டுகளுக்குத்தான் அதைப் பார்த்தேன். கோலிகளுக்கு அது திரையில் வேறு டேப்-இல் இருக்கிறது. இந்த ஒன்றரை மாதத்தில் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை.

81.


ஃபீனிக்ஸ்காரன், பிப்ரவரி 4, இரவு 9:48

ஐயோ பாவம், அந்தப் பிள்ளைக்கு ஒரு டம்ளர் மோராவது கொடு.


லெனேசியா தம்பி, பிப்ரவரி 4, இரவு 10:20

எல்லாம் சரி. ஆனால் இதனால் என்ன ஆகிவிடும்? 32ஆவது இடத்திலிருந்து 25ஆவது இடத்துக்கு வருவீர்கள். ப்ளேஆஃபும் இல்லை, முதல் பிக்கும் இல்லை. அதைவிட மோசமான இடம் கிடையாது அண்ணா. கோலியைச் சரி செய்வதை அடுத்த சீசனில் செய்யுங்கள். இந்த சீசனில் அந்த 81-ஐ 60 ஆக்குங்கள்!


கேப்டவுன் கணக்கர், பிப்ரவரி 5, காலை 6:50

25.5 சதவீதம் என்கிறாய். அதே பட்டியலில் மூன்றாவது பிக்குக்குத் தள்ளப்படும் வாய்ப்பு 55.7 சதவீதம் என்று இருக்கிறது, அதை ஏன் சொல்லவில்லை? பாதிக்கு மேல் தடவை, கடைசி இடத்தில் முடித்தவனுக்குக் கிடைப்பது மூன்றாவது ஆள்.

அப்புறம், முதல் பிக் கிடைத்தவன் எல்லாம் பிழைத்துக்கொண்டானா? என்எச்எல் அணியான எட்மன்டன் 2010, 2011, 2012 என்று வரிசையாக மூன்று வருடம் முதல் பிக் வாங்கியது. 2015-இல் நான்காவது முறையும் முதல் பிக். அதுதான் பெரிய நட்சத்திரம் மெக்டேவிட். 2006-க்குப் பிறகு அவர்கள் ப்ளேஆஃபைப் பார்த்தது 2017-இல். பஃபலோவைப் பார். 2015-இல் இரண்டாவது பிக்காக ஐக்கல், 2018-இல் முதல் பிக், 2021-இல் மறுபடி முதல் பிக். ஆனாலும் 2012 முதல் 2025 வரை பதினான்கு சீசன் ப்ளேஆஃப் வாசலையே மிதிக்கவில்லை. ஐக்கல் 2021 நவம்பரில் வேகஸுக்குப் போனான், 2023-இல் அங்கே கோப்பையைத் தூக்கினான். பஃபலோ டிவியில் பார்த்தது.

நல்ல பையன் கிடைப்பது ஒன்று. அவனைச் சுற்றி ஓர் அணி இருப்பது வேறு.


லெனேசியா தம்பி, பிப்ரவரி 5, காலை 7:30

பிட்ஸ்பர்க்? சிகாகோ? அவர்களும் அடி மட்டத்திலிருந்து வந்தவர்கள்தானே? உங்களுக்கு வேண்டிய உதாரணத்தை மட்டும் எடுக்கிறீர்கள் சார்.


கேப்டவுன் கணக்கர், பிப்ரவரி 5, காலை 7:41

அதுவும் நியாயம். ஒத்துக்கொள்கிறேன்.


சாட்ஸ்வொர்த் தாத்தா, பிப்ரவரி 5, மாலை 5:15

காவடி முடிந்து இன்றுதான் உடம்பு கொஞ்சம் தேறி உட்கார்ந்தேன். பத்து நாள் விரதத்தில் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. என் அணியும் பத்து நாள் ஆட்டோ லைனில் ஓடி, அதுவே நாலு ஆட்டம் ஜெயித்திருக்கிறது. முருகன் என்னைவிட நல்ல கோச்.

எல்லாரும் சண்டை போட்டீர்கள், படித்தேன். ஒரே ஒரு கேள்வி. மிட்ராண்ட் தம்பி, அந்த முதல் ரவுண்டு பிக் உன்னிடம்தான் இருக்கிறதா? உனக்கு முன்னால் இருந்த ஆள் விற்றிருக்கப் போகிறான், பார்த்தாயா?


மிட்ராண்ட் மேனேஜர், பிப்ரவரி 5, இரவு 11:58

தாத்தா.

பழைய டிரேட் பட்டியலை நவம்பர் வரை தோண்டினேன். அந்த மனிதர் முதல் ரவுண்டு பிக்கையும் இன்னொரு ஆளையும் கொடுத்து ஒரு 34 வயது டிஃபென்ஸ்மேனை வாங்கியிருக்கிறார். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் பிக் நமக்கே என்ற மாதிரி எந்த நிபந்தனையும் இல்லை. வாங்கியவன் எங்கள் டிவிஷனிலேயே முதல் இடத்தில் இருக்கிறான். அவன்தான் நான் சேர்ந்த நாளிலிருந்து "அவசரப்படாதே, இளைஞர்களுக்கு வாய்ப்புக் கொடு, தோல்வி பெரிய விஷயமில்லை" என்று அன்பாக மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தவன். நல்ல மனசு என்று நினைத்து இரண்டு தடவை நன்றிகூடச் சொன்னேன்.

இத்தனை நாளும் நான் தோற்றது அவனுக்காக.


லெனேசியா தம்பி, பிப்ரவரி 6, காலை 6:02

சரி, டேங்க் வேண்டாம் அண்ணா.


ஃபீனிக்ஸ்காரன், பிப்ரவரி 6, காலை 6:30

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். இங்கே உழவனே அடுத்தவன் வயலில் உழுதிருக்கிறான்.


சாட்ஸ்வொர்த் தாத்தா, பிப்ரவரி 6, காலை 9:40

சரி, அழாதே. இப்போது வேலையைப் பார்.

முதலில் இரண்டாவது கோலி. வேவர்ஸ் பட்டியலைத் தினமும் பார். கோலி அதிகமாக வைத்திருப்பவன் எவனாவது ஒருவனைக் கீழ் அணிக்கு அனுப்புவான். 24 மணி நேரம் அந்த ஆள் திறந்த கடையில் இருப்பான். கடைசி இடத்தில் இருப்பதில் உனக்கு ஒரே ஒரு நன்மை, வேவர்ஸில் உன் கைதான் முதல் கை. அதைப் பயன்படுத்து. பெரிய பெயர் வேண்டாம், 90 சதவீதம் பிடிக்கிறவன் போதும்.

இரண்டாவது, டிரேட். உன்னைச் சுற்றி இப்போது கழுகு பறக்கும். "உன் 20 வயது சென்டரைக் கொடு, நான் மூன்று பேர் தருகிறேன்" என்பான். மூன்று பேர் என்றதும் கை நீளும். நீட்டாதே. நான் சின்னப் பையனாக விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் மாமாவின் மசாலாக் கடையில் நின்றவன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வருகிறவன் என்ன செய்வான் தெரியுமா? உன் முகத்தைப் பார்ப்பான். மூட்டை கட்டுகிற அவசரம் முகத்தில் தெரிந்தால் பாதி விலை கேட்பான். மாமா அந்த நேரத்தில்தான் நிதானமாக உட்கார்ந்து டீ குடிப்பார். வந்தவன் இரண்டு நடை போய்த் திரும்பி வந்து முழு விலை கொடுப்பான்.

உன்னை எவனாவது கேட்டால் உடனே பதில் போடாதே. ஒரு நாள் கழித்துப் போடு.


மிட்ராண்ட் மேனேஜர், பிப்ரவரி 12, இரவு 9:00

முதல் கட்டச் செய்தி. செவ்வாய்க்கிழமை ஒரு 29 வயதுக் கோலி வேவர்ஸில் வந்தான். எடுத்துவிட்டேன். சம்பளம் ஏழே முக்கால் லட்சம் டாலர், இந்த 2025-26 சீசனில் லீக்கின் குறைந்தபட்சமே அதுதான். 9 கோடியே 55 லட்சம் சம்பள வரம்பில் இவன் ஒரு சில்லறை.

இரண்டு ஆட்டத்துக்கு ஒன்று என்று பிரித்து நிறுத்துகிறேன். பெரிய சம்பளக்காரனின் உடல்நிலை எண் இப்போது 93. மூன்று சிமுலேஷன், ஆறு ஆட்டம், மூன்று வெற்றி.

இன்னொரு கண்டுபிடிப்பு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒரு ஆள் குறைவாக ஆடும்போது இறங்குகிற பெனால்டி கில் டேபைத் திறந்தேன். முதல் ஜோடிக்கு 60 சதவீத நேரம், இரண்டாவது ஜோடிக்கு 40 என்று போட்டிருந்தது. முதல் ஜோடியில் யார்? அந்த 34 வயது மகராசனும் முதல் லைன் விங்கரும் (ஓரத்து ஃபார்வர்டு). அந்த விங்கர்தான் பவர் ப்ளேயிலும் முதல் லைன், கடைசி நிமிட லைனிலும் அவன்தான். ஆட்டத்துக்கு 26 நிமிடம் ஓடியிருக்கிறான். டிஃபென்ஸ்மேன் ஓடலாம், ஃபார்வர்டுக்கு அது கொலை. "ஏன் இவன் அடிக்கவே மாட்டேன் என்கிறான்" என்று ஜனவரி முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். பவர் ப்ளேயை மூன்று முறை கலைத்த எனக்கு பெனால்டி கில்லை ஒரு முறை பார்க்கத் தோன்றவில்லை.

இப்போது அந்த இடத்தில் நான்காவது லைன் பையன்கள் இரண்டு பேர். அவர்களுக்கு வேறு வேலையும் கிடையாது.


ரிங்க் அம்மா, பிப்ரவரி 12, இரவு 9:25

பெனால்டி கில்லில் பக்குக்குக் குறுக்கே விழுகிறவனுக்கு யாருமே கை தட்ட மாட்டார்கள், கோலியைத் தவிர. என் பெண் அப்படி விழுகிறவளுக்குத்தான் ஆட்டம் முடிந்து தன் சாக்லேட்டில் பாதி கொடுப்பாள். 


மிட்ராண்ட் மேனேஜர், பிப்ரவரி 23, இரவு 8:15

12 ஆட்டம்: 7 வெற்றி, 4 தோல்வி, 1 கூடுதல் நேரத் தோல்வி. மொத்தம் 46 புள்ளி. 30ஆவது இடம்.

அந்த "அன்பான" ஆள் மெசேஜ் போட்டான். என் 20 வயது சென்டருக்கு மூன்று பேர் தருகிறானாம். தாத்தா சொன்னது அச்சு அசலாக அப்படியே. ஒரு நாள் காத்திருந்தேன். மறுநாள் அவனே இரண்டாம் ரவுண்டு பிக்கையும் சேர்த்தான். இன்னொரு நாள் காத்திருக்கட்டுமா?


சாட்ஸ்வொர்த் தாத்தா, பிப்ரவரி 23, இரவு 8:50

அந்தப் பையனை விற்காதே. ஆனால் அந்த 34 வயதுக்காரனைத் தூக்கி வேறு எங்காவது வை. அவன் ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறதா?


மிட்ராண்ட் மேனேஜர், பிப்ரவரி 23, இரவு 8:55

ஆமாம் தாத்தா. 60 லட்சம். யாரிடமும் சம்பள வரம்பில் அவ்வளவு இடம் இல்லை.


சாட்ஸ்வொர்த் தாத்தா, பிப்ரவரி 23, இரவு 9:10

பாதிச் சம்பளச் சுமையை நீயே ஏற்றுக்கொள்ளலாமே? ஒரு ஒப்பந்தத்தில் 50 சதவீதம் வரை விதி விடும். உனக்கு இந்த வருடம் அந்தக் காசை வைத்துக்கொண்டு என்ன பயன்? வாங்குகிறவனுக்கு 30 லட்சத்தில் ஒரு அனுபவசாலி. ப்ளேஆஃபுக்குப் போகிறவன் எவனும் யோசிப்பான். இரண்டாம் ரவுண்டு பிக் கேள், மூன்றாம் ரவுண்டுக்கு இறங்கு. ஆனால் உன் டிவிஷன்காரனுக்கு மட்டும் கொடுக்காதே. அது கணக்கல்ல, மானம்.


ஃபீனிக்ஸ்காரன், பிப்ரவரி 23, இரவு 9:12

2019-இல் செயின்ட் லூயிஸ் ஜனவரி 3 காலையில் லீக்கிலேயே கடைசி இடம். ஜூனில் கோப்பை. நம்பிக்கை வை ராசா!


கேப்டவுன் கணக்கர், பிப்ரவரி 23, இரவு 9:40

ஒவ்வொரு கடைசி இட அணியின் இழையிலும் இந்தக் கதை வந்துவிடும். அதே வருடம் ஜனவரியில் அடியில் கிடந்த மற்ற அணிகள் என்ன ஆயின என்று யாரும் சொல்வதில்லை.

ஆனாலும் அதில் நமக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது. செயின்ட் லூயிஸ் நவம்பரிலேயே கோச்சை மாற்றிவிட்டது, அப்போதும் தேறவில்லை. ஜனவரி 7-ஆம் தேதி பின்னிங்டன் என்ற பெயர் தெரியாத கோலியை முதல் ஆளாக நிறுத்தினார்கள். அப்புறம்தான் வண்டி ஓடியது. நம் மிட்ராண்ட்காரர் ஏழே முக்கால் லட்சத்துக்குச் செய்ததும் அதுதான். கோப்பையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.


மிட்ராண்ட் மேனேஜர், மார்ச் 1, மாலை 4:30

நேற்று டிரேட் கடைசி நாள். 34 வயதுக்காரர் மேற்குக் கரை அணி ஒன்றுக்குப் போய்விட்டார். இரண்டாம் ரவுண்டு கேட்டேன், மூன்றாம் ரவுண்டும் ஒரு 22 வயது டிஃபென்ஸ் பையனும் கிடைத்தது. பாதிச் சம்பளம் என் கணக்கில். சென்டர் பையன் என்னிடமே இருக்கிறான். "அன்பான" ஆள் கடைசி ஒரு மணி நேரத்தில் நான்கு மெசேஜ் போட்டான், நான் கறி சுடும் பிராய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். சுகமான மாலை.


மிட்ராண்ட் மேனேஜர், மார்ச் 9, காலை 5:05

திட்ட வேண்டுமானால் திட்டுங்கள்.

ஞாயிறு சிமுலேஷனில் அடுத்தடுத்த நாள் இரண்டு ஆட்டம். புதன் சிமுலேஷனில் இரண்டையும் பெரிய கோலியே நின்றான், கணக்குப்படி இப்போது இரண்டாவது கோலியை நிறுத்த வேண்டும். அவன் பெயரைப் போட்டு ஃபைலைத் தயாராக வைத்துவிட்டு, காயப் பட்டியல் கடைசியாக வருவதைப் பார்த்து அனுப்பலாம் என்று படுத்தேன். அலாரம் 3:20. எழுந்தேன், டீ போட்டேன், இஞ்சிகூடத் தட்டிப் போட்டேன், மடியில் லேப்டாப். அனுப்பு பொத்தானை அழுத்தினால் "நேரம் முடிந்தது."

அமெரிக்காவில் ஞாயிறு விடிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். அங்கே இரவு 9 என்றால் நமக்கு இனி 4 அல்ல, 3. நம் நாட்டில் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை, அதனால் எனக்கு அந்த நினைப்பே வரவில்லை.

பழைய ஃபைலே ஓடியது. பெரிய கோலி தொடர்ந்து நான்கு ஆட்டம். 5-3, 7-2. இரண்டும் தோல்வி. டீ ஆறிப் போய்விட்டது. 68 ஆட்டத்தில் 53 புள்ளி.


ஃபீனிக்ஸ்காரன், மார்ச் 9, காலை 6:10

லோட் ஷெடிங் என்ற முறை வைத்த மின்வெட்டு இருந்தவரை இதற்கெல்லாம் ஒரு சாக்கு இருந்தது. 2023-இல் ஸ்டேஜ் 6 ஓடியபோது நான் லைன் அனுப்பாத ஒவ்வொரு நாளும் மின் நிறுவனமான எஸ்காமைக் கை காட்டினேன். கமிஷனர் கனடாக்காரர், பாவம், அனுதாபச் செய்தி எல்லாம் அனுப்புவார். அதில் பாதி நாள் எங்கள் தெருவில் கரண்ட் இருந்தது.


சாட்ஸ்வொர்த் தாத்தா, மார்ச் 9, காலை 8:00

நான் அந்த நாளில் ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன பேட்டரி வாங்கி வைத்திருந்தேன். வீடெல்லாம் இருட்டு, கிழவி மெழுகுவத்தியில் பருப்பு கடைகிறாள், மூலையில் ரவுட்டர் மட்டும் பச்சை விளக்கு. அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

தம்பி, காயப் பட்டியலுக்குக் காத்திருக்கலாம். ஆனால் ஒரு ஃபைலை முதலில் அனுப்பிவிட்டுக் காத்திரு. வேண்டுமானால் மேலே இன்னொன்று அனுப்பு. வெறும் கையோடு தூங்காதே.


லெனேசியா தம்பி, மார்ச் 9, காலை 8:20

நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள், அப்போது மறுபடி 4 மணி. இப்போதே போனில் போட்டு வையுங்கள் அண்ணா.


மிட்ராண்ட் மேனேஜர், ஏப்ரல் 2, இரவு 7:30

சீசன் முடிந்தது. 82 ஆட்டம், 30 வெற்றி, 43 தோல்வி, 9 கூடுதல் நேரத் தோல்வி. 69 புள்ளி, 26ஆவது இடம். இந்த இழை தொடங்கியதிலிருந்து மட்டும் பார்த்தால் 34 ஆட்டத்தில் 17-13-4. சேவ் 90.1 சதவீதம். பெரிய கோலி 19, சின்னவன் 15.

நான் 26ஆவது என்பதால் என்னிடமிருந்து போன பிக் குலுக்கலுக்கு முன் ஏழாவது இடத்தில் இருக்கிறது. "அன்பான" ஆளிடமிருந்து மார்ச் பாதிக்குப் பிறகு ஒரு மெசேஜும் இல்லை.

கணக்கர் சார், அடிக்கும் சதவீதம் தானாக வரும் என்றீர்களே, 9.8-க்கு வந்தது. விங்கரின் நேரத்தை 19 நிமிடமாகக் குறைத்தேன், கடைசி 20 ஆட்டத்தில் 11 கோல்.

ஒரு புதுத் தலைவலி. சின்னக் கோலியின் ஒப்பந்தம் முடிகிறது. மூன்று வருடம், வருடத்துக்கு 30 லட்சம் கேட்கிறான். ஜூனில் அவனுக்கு 30 வயது. அவனை விட்டால் மறுபடி பெரியவனே 70 ஆட்டம் நிற்க வேண்டும். கொடுத்தால் கோலிகளுக்கு மட்டும் ஒரு கோடியே ஐந்து லட்சம்.


கேப்டவுன் கணக்கர், ஏப்ரல் 2, இரவு 8:05

15 ஆட்டத்தை வைத்து மூன்று வருடமா? 450 ஷாட்கூட இருக்காது. ஒரு வருடம், 15 லட்சம். அதற்கு மேல் ஒரு காசு கூடாது.


ரிங்க் அம்மா, ஏப்ரல் 2, இரவு 8:20

பிள்ளை உங்களைக் கரை சேர்த்திருக்கிறான், கொஞ்சம் கூடத்தான் கொடுங்களேன்.


சாட்ஸ்வொர்த் தாத்தா, ஏப்ரல் 2, இரவு 8:45

மூன்று வருடம் கேட்டானா? பதில் போட்டுவிட்டாயா?


மிட்ராண்ட் மேனேஜர், ஏப்ரல் 2, இரவு 8:47

இல்லை தாத்தா. டீ குடித்துக்கொண்டிருக்கிறேன்.